தினமும் ஒரு லட்சம் மூளை செல் சாகுதா? வயதான மூளையை எண்ணியவர்களின் கதை

1/


"மனுஷனுக்கு முப்பது வயசு தாண்டினா தினமும் ஒரு லட்சம் மூளை செல் செத்துப்போகும். திரும்ப முளைக்கவே முளைக்காது." இதை எங்கேயாவது கேட்டிருப்பீங்க. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருப்பார், இல்லேன்னா வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? யார் உட்கார்ந்து எண்ணினாங்க? அவங்க எண்ணினது சரியா? கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதல்ல, இது ஏன் முக்கியம்னு சொல்லிடறேன்.

ஓபியில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "வயசாயிடுச்சு டாக்டர், அப்படித்தான் இருக்கும்." வீட்டில் பெரியவருக்கு மறதி வந்தால் குடும்பம் சொல்வது இது. சில நேரம் மருத்துவர்களே சொல்வதும் இதுதான்.

இந்த வாக்கியம் இரண்டு பேரைப் பாதிக்கிறது. நோய் உள்ள பெரியவரை "இது வயசு" என்று சொல்லிச் சிகிச்சை இல்லாமல் விட்டுவிடுகிறோம். நோயே இல்லாத பெரியவரை "உங்களுக்கு இனிமே ஒண்ணும் புரியாது" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம்.

முதுமை எது, நோய் எது என்று பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கே ஏறக்குறைய நூறு வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

3/
1901 நவம்பர். ஜெர்மனி, பிராங்க்பர்ட் நகர மனநலக் காப்பகம்.

51 வயதுப் பெண் ஒருவரைச் சேர்க்கிறார்கள். பெயர் அகஸ்டே டெட்டர். கடும் மறதி, வீண் சந்தேகம், குழப்பம். அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர். உங்க பேர் என்ன என்று கேட்டால் "அகஸ்டே" என்கிறார். கணவர் பேர் என்ன என்று கேட்டாலும் "அகஸ்டே" என்கிறார். அல்ஸைமர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்.

1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்துபோனார். அப்போது அல்ஸைமர் மியூனிக்கில் இருந்தார். மூளையைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

4/
மூளையை மெல்லிசா சீவி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவங்கள். செல்களுக்கு உள்ளே நூல் சிக்கு மாதிரி முடிச்சுகள். அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார்.

1910-ல் அவருடைய தலைமைப் பேராசிரியர் எமில் கிரேப்லின் தன்னுடைய பாடநூலில் இதற்கு "அல்ஸைமர் நோய்" என்று பெயர் வைத்தார்.

நல்ல விஷயம்தானே? ஆனா சிக்கல் இங்கதான் ஆரம்பிச்சது.

5/
அகஸ்டேவுக்கு வயது 50-களில். அதனால் அல்ஸைமர் நோய் என்றால் நடுத்தர வயதில் வரும் அபூர்வ நோய் என்று புத்தகத்தில் ஏறிவிட்டது.

அப்போ 75 வயசில் அதே மாதிரி மறதி வந்தா? அது "முதுமைப் பித்து", வயசின் விளைவு, அல்லது மூளை ரத்தக்குழாய் தடித்துப் போனது.

அதே மறதி, அதே குழப்பம், மைக்ரோஸ்கோப்பில் அதே திட்டு, அதே முடிச்சு. 55-ல் வந்தால் நோய், 75-ல் வந்தால் வயசு! அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவ உலகம் பெரும்பாலும் இப்படித்தான் நினைத்தது.

6/
இதே காலத்தில் இன்னொரு பக்கத்திலிருந்தும் முதுமைக்கு அடி விழுந்தது.

முதல் உலகப்போர். அமெரிக்க ராணுவத்தில் சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் நடந்தது. 1921-ல் அறிக்கை வெளிவந்தது. அதில் அதிகாரிகளின் மதிப்பெண்ணை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால், வயது கூடக் கூட மதிப்பெண் படிப்படியா இறங்குது.

முடிவு கையில் கிடைத்துவிட்டது: இருபதுகளில் உச்சம், அதுக்கப்புறம் இறங்குமுகம்தான்.

ஒரு கேள்வியை அழுத்திக் கேட்க ஆளில்லை. அந்த 50 வயது அதிகாரி பள்ளிக்கூடம் போன காலமும், 20 வயதுப் பையன் பள்ளிக்கூடம் போன காலமும் ஒண்ணா? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

7/
இப்ப நம்ம லட்சம் கணக்குக்கு வருவோம்.

1955. ஹெரால்ட் பிராடி என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிறந்த குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை, இறந்தவர்களின் மூளைகளை எடுத்து, புறணியில் உள்ள நியூரான்களை மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணினார். கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் கையும்தான்.

வயது கூடக் கூட நியூரான் எண்ணிக்கை குறைவதாகத் தெரிந்தது. எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் நெற்றிப்பொட்டுப் பகுதியின் மேல்மடிப்பு போன்ற இடங்களில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது.

8/
பாதி மூளை காலி! இதைவிடப் பரபரப்பான செய்தி வேறென்ன வேணும்?

"ஒரு நாளைக்கு ஒரு லட்சம்" என்ற கணக்கும் அந்த 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பிராடி எண்ணியது சில பகுதிகளை மட்டும், அதுவும் சில மூளைகளில் மட்டும். ஆனா மக்கள் காதுக்குப் போனது "தினமும் லட்சம் சாகுது" என்பதுதான்.

மறதி நோயா? செல் சாகுது, என்ன பண்றது? மருந்தா? எதுக்கு? முதுமைக்கு மருந்து உண்டா என்ன? அன்றைய மனநிலை இதுதான்.

9/
இந்த இடத்தில் ஒருவரை நிச்சயம் சொல்லணும். வி. ஏ. கிரால். கனடாவில் மாண்ட்ரியல் நகர மனநல மருத்துவர். அதற்கு முன் நாஜிகளின் தெரெசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டு, அங்கேயே மருத்துவராக வேலை பார்த்து உயிர் பிழைத்தவர்.

1962-ல் அவர் எழுதிய கட்டுரை முதியவர்களின் மறதியை இரண்டாகப் பிரித்தது.

ஒன்று, தீங்கற்ற மறதி. கல்யாணத்துக்குப் போனது நினைவிருக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவர் பேர் மட்டும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு வரும்.

இன்னொன்று, கேடான மறதி. கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லை.

(கல்யாண உதாரணம் என்னுடையது. பிரிவினை அவருடையது.)

10/
இன்றைய ஆய்வுகள் இதைப் பலவிதமாகத் திருத்திவிட்டன. "தீங்கற்றது" என்று நினைத்தவர்களில் சிலருக்கும் பிறகு நோய் வரலாம் என்று இப்போது தெரியும்.

ஆனாலும் அன்னைக்கு அது பெரிய விஷயம். எல்லா முதியவரின் மறதியும் ஒன்றல்ல என்று நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து ஒருவர் சொல்லிவிட்டார். இனி மூளையைத் திறந்து நிரூபிக்க ஆள் வேண்டும்.

11/
அந்த ஆட்கள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் இருந்தார்கள். மூன்று பேர். மனநல மருத்துவர் மார்ட்டின் ராத், நோய்க்குறியியலாளர் பெர்னார்ட் டாம்லின்சன், இளம் மருத்துவர் கேரி பிளெஸ்ட்.

அவங்க செய்தது எளிமையான, ஆனால் அதுவரை சரியாகச் செய்யப்படாத வேலை. முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய நினைவாற்றலையும், அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்பதையும் மதிப்பெண் போட்டு வைத்தார்கள். இறந்த பிறகு மூளையில் உள்ள திட்டுகளை எண்ணினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

12/
1968-ல் முடிவு வந்தது. திட்டு அதிகமாக இருந்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது மதிப்பெண் மோசம்.

வெறும் வயசு காரணம் என்றால் ஒரே வயதுள்ள எல்லார் மூளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும். அப்படி இல்லை. மறதி நோய் இல்லாத முதியவர்களின் மூளைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் திட்டே இல்லை, சிலவற்றில் கொஞ்சம். மறதி நோயாளிகள் பலரின் மூளையிலோ அல்ஸைமர் 1906-ல் காட்டிய அதே காட்சி.

ரத்தக்குழாய் தடித்ததுதான் எல்லாத்துக்கும் காரணம் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. சிலருக்கு அடுத்தடுத்து வந்த பக்கவாதங்கள் காரணமாக இருந்தன. பெரும்பாலானோருக்கு அது மட்டுமே காரணம் இல்லை.

13/
1976. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். இரண்டே பக்கம்.

அவர் சொன்னது: 65 வயது என்ற கோடு செயற்கையானது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே நோய். அப்படிச் சேர்த்து எண்ணினால் அல்ஸைமர் அபூர்வ நோயே அல்ல, மரணத்துக்கான பெரிய காரணங்களில் ஒன்று.

இரண்டு வருஷம் முன்னாடி, 1974-ல்தான் அமெரிக்காவில் முதுமைக்கென்று தேசிய ஆய்வு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். அதன் முதல் இயக்குநர் ராபர்ட் பட்லர், முதியவர்களை வயதை வைத்து ஒதுக்குவதற்கு "ஏஜிசம்" என்று பேர் வைத்த அதே மனிதர். பணம் வந்தது, ஆய்வு வந்தது.

அகஸ்டேவிலிருந்து இங்கு வர 70 வருஷம்.

14/
சரி, நோயைப் பிரித்தாச்சு. அப்போ நோயே இல்லாத, வெறும் முதுமையில் மூளைக்கு என்ன ஆகுது? பிராடி எண்ணினாரே, அது என்ன ஆச்சு?

இப்போதுதான் எல்லாரும் அவருடைய எண்ணும் முறையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரச்சினைகள் வெளியே வந்தன.

முதல் பிரச்சினை: பழைய ஆய்வுகளில் "சாதாரண முதியவர்" என்று எடுத்த மூளைகளில் எத்தனை பேருக்கு ஆரம்பநிலை மறதி நோய் இருந்தது என்று சரியாகத் தெரியாது. உயிரோடு இருந்தபோது யாரும் பரிசோதிக்கவில்லை. நோயும் முதுமையும் கலந்த கணக்கு அது.

15/
இரண்டாவது பிரச்சினை இன்னும் சுவாரசியம்.

மூளையை ஸ்லைடு ஆக்கணும்னா பார்மலினில் ஊற வைத்து, நீரை எடுத்து, மெழுகில் பதித்து, சீவணும். இந்த வேலையில் மூளைத் திசு சுருங்கும். 1980-களில் ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஹௌக் காட்டியது என்னன்னா, இளையவர் மூளை அதிகமாகச் சுருங்கும், முதியவர் மூளை குறைவாகச் சுருங்கும்.

புது காட்டன் வேட்டியை முதல் தடவை நனைச்சா சுருங்கும், பழைய வேட்டி அவ்வளவா சுருங்காது. அந்த மாதிரி.

துணி சுருங்கினா நூல் நெருங்கி நிக்கும். இளையவர் மூளையில் செல்கள் நெருங்கி நின்றன, அதனால் ஒரு சதுர மில்லிமீட்டரில் அதிகம் தெரிந்தன. முதியவர் மூளையில் விலகி நின்றன, குறைவாகத் தெரிந்தன. செல் சாகவே வேண்டியதில்லை, ஸ்லைடு போட்ட விதமே "சாவு" காட்டிவிடும்!

16/
மூன்றாவது பிரச்சினை: மெல்லிய சீவலில் பெரிய செல் எளிதில் மாட்டும், சிறிய செல் நழுவிவிடும். வெங்காயத்தையும் கடுகையும் ஒரே மாவில் பிசைந்து மெல்லிசா வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வெங்காயம் தெரியும், கடுகு தெரியாது. அதை வைத்து எது அதிகம் என்று சொல்ல முடியாது இல்லையா? வயதானால் நியூரான் சற்றே சிறுக்கும். சிறுத்தால் எண்ணிக்கையில் விடுபடும்.

இதற்குத் தீர்வு 1984-ல் வந்தது. "டைசெக்டர்" என்ற முறை. அடுத்தடுத்த இரண்டு சீவல்களை ஒப்பிட்டு, ஒரு செல்லை ஒரே ஒரு முறை மட்டும் எண்ணுவது. கட்டுரையை எழுதியவர் பெயர் டி. சி. ஸ்டீரியோ. அப்படி ஒரு ஆளே கிடையாது! அது டைசெக்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புனைபெயர். பின்னால் இருந்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் குண்டர்சன்.

17/
கணக்குகள் மாற ஆரம்பித்தன.

1987-ல் அமெரிக்காவில் ராபர்ட் டெர்ரி குழு. 24 வயது முதல் 100 வயது வரை, நோயில்லாத 51 மூளைகள். முடிவு: பெரிய நியூரான்கள் குறைகின்றன, சிறிய நியூரான்கள் கூடுகின்றன, மொத்தம் ஏறக்குறைய அதேதான். அதாவது பல பெரிய செல்கள் சாகவில்லை, சிறுத்துப்போயிருக்கின்றன.

1997-ல் டென்மார்க்கின் பென்டே பாக்கன்பெர்க், குண்டர்சன் இருவரும் 20 முதல் 90 வயது வரையிலான 94 மூளைகளைப் புதிய முறையில் எண்ணினார்கள். புறணியில் பெண்களுக்குச் சராசரியாக 1,900 கோடி நியூரான், ஆண்களுக்கு 2,300 கோடி. (பெருமைப்படாதீங்க ஆண்களே, உடம்பு பெருசு, மூளையும் பெருசு, அவ்வளவுதான். அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.)

20-லிருந்து 90 வயதுக்குள் குறைந்தது எவ்வளவு? சுமார் 10 சதவீதம். பாதி அல்ல.

18/
இப்ப ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

2,000 கோடி நியூரான் என்று வையுங்க. 10 சதவீதம் என்றால் 200 கோடி. அதை 70 வருஷத்துக்குப் பகிர்ந்தால், 25,550 நாள். ஒரு நாளைக்குச் சுமார் 78,000.

அட! "தினமும் ஒரு லட்சம்" கிட்டத்தட்ட வந்துடுச்சே?

ஆமா. அந்த எண் ரொம்பத் தப்பில்லை. அதுக்குக் கொடுத்த அர்த்தம்தான் தப்பு. 2,000 கோடி ரூபாய் வைத்திருப்பவர் தினமும் 78,000 செலவு பண்ணினால் 70 வருஷம் கழித்தும் கையில் 1,800 கோடி இருக்கும். அவரைப் பார்த்து "பாவம், ஓட்டாண்டி ஆயிட்டார்"னு யாராவது சொல்வோமா? மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் குறைவதை மட்டும் சொன்னதால்தான் இத்தனை வருஷம் பயந்துபோய் இருந்தோம்.

19/
அப்போ வயசானா மூளைக்கு ஒண்ணும் ஆகாதா? அப்படியும் இல்லை நட்புகளே. எம்ஆர்ஐ எடுத்தால் 70 வயது மூளை சுருங்கியிருப்பது தெரியும். மடிப்புகளுக்கு இடையே இடைவெளி அதிகம், நடுவில் நீர் இருக்கும் அறைகள் பெரிசு.

செல் பெரிசா குறையலன்னா எது குறைஞ்சது? பெரும் பங்கு வயரிங்.

நியூரான்களை இணைக்கும் இழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. மின்கம்பிக்கு இன்சுலேஷன் மாதிரி. 2003-ல் அதே டென்மார்க் குழு அந்த இழைகளின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டது. 20 வயதில் ஆண்களுக்கு 1,76,000 கிலோமீட்டர், பெண்களுக்கு 1,49,000 கிலோமீட்டர். ஆண்களின் நீளத்தை பூமியை நாலு முறை சுற்றலாம்.

80 வயதில்? ஆண்களுக்கு சுமார் 97,000, பெண்களுக்கு சுமார் 82,000. ஏறக்குறைய 45 சதவீதம் குறைவு. முக்கியமா மெல்லிய இழைகள்.

20/
இப்ப புரியுதா, தாத்தா பதில் சொல்ல ஏன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறார்னு? விஷயம் உள்ளே இருக்கு. வந்து சேர நேரமாகுது.

எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை. திட்டமிடுதல், ஒரே நேரத்தில் ரெண்டு வேலையைக் கவனித்தல் போன்றவற்றைப் பார்க்கும் முன்மூளையும், புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸும் அதிகம் சுருங்கும். பார்வைக்கான பின்பகுதி குறைவாகச் சுருங்கும்.

அதனால்தான் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் பேசும்போது, கூடவே போனில் யாரோ நம்பர் சொன்னால் பாட்டிக்குத் தடுமாறுது. டிவியை அணைச்சுட்டு நிதானமா சொல்லிப் பாருங்க.

21/
இன்னொரு அழகான ஆய்வு, 1979. ஸ்டீபன் பியூல், பால் கோல்மன். நியூரானின் கிளைகளை அளந்தார்கள். சுமார் 50 வயதுக்காரர்கள், சுமார் 80 வயது ஆரோக்கியமானவர்கள், மறதி நோயுள்ள முதியவர்கள் என்று மூன்று குழு.

நினைவோடு தொடர்புள்ள ஒரு பகுதியில், ஆரோக்கியமான 80 வயதுக்காரர்களின் நியூரான் கிளைகள் 50 வயதுக்காரர்களுடையதைவிட நீளமாக இருந்தன. மறதி நோயாளிகளில் அந்த வளர்ச்சி இல்லை.

பக்கத்துச் செல் போனால் மிஞ்சிய செல் கிளை நீட்டி இடத்தை நிரப்புகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். மிக முதிய வயதில் இதுவும் குறைந்துவிடும் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் எண்பதிலும் மூளை வெறுமனே அழிந்துகொண்டு இருக்கவில்லை, சரிக்கட்டிக்கொண்டும் இருந்தது.

22/
இப்ப அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். ராணுவத் தேர்வில் வயது கூடக் கூட மதிப்பெண் ஏன் இறங்கியது?

1956-ல் வார்னர் ஷாய் என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 500 பேருக்குத் தேர்வு வைத்தார். 20-களிலிருந்து 70 வரை. இவருக்கும் முதலில் அதே இறங்குமுகம்தான் வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஏழு வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய்த் திரும்பவும் தேர்வு வைத்தார். பிறகு மறுபடி ஏழு வருஷம். பல பத்தாண்டுகள் இப்படியே.

ஒரே ஆளை அவரோடயே ஒப்பிட்டபோது இறங்குமுகம் பெரும்பாலும் மறைந்தது. 60 வயது வரை பெரும்பாலான திறன்கள் நிலையாக இருந்தன, சில கூடின. 81 வயதில்கூட, முந்தைய ஏழு வருஷத்தில் தெளிவான சரிவு கண்டவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு.

23/
அப்போ ராணுவத் தேர்வில் பார்த்தது? பெருமளவுக்கு அது வயசு இல்லை, தலைமுறை. முதியவர்கள் குறைவாகப் பள்ளி போன தலைமுறை. தேர்வு எழுதியே பழகாதவர்கள். நம்ம வீட்டுப் பாட்டிக்குக் கொள்குறி வினாத்தாள் கொடுத்து, காலேஜ் பேத்தியோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? அதே கதை.

நியாயமா இன்னொன்றையும் சொல்லணும். ஷாய் முறையிலும் ஓட்டை உண்டு. உடம்பு முடியாதவர்கள் இடையில் நின்றுவிடுவார்கள், நல்லா இருப்பவர்கள்தான் தொடர்ந்து வருவார்கள். அதோடு ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்திலேயே மார்க் கூடும். உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவில். வேகம் சீக்கிரமே குறைய ஆரம்பிக்குது. சொல்வளமும் உலக அறிவும் அறுபது தாண்டியும் நிக்குது.

24/
இதில் மறக்க முடியாத ஒன்று ஸ்காட்லாந்தில் நடந்தது.

1932 ஜூன் 1. 1921-ல் பிறந்த, பள்ளியில் படித்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும், 87,498 பேருக்கு, ஒரே நாளில் ஒரே தேர்வு. விடைத்தாள் விவரங்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1990-களில் இயன் டியரி, லாரன்ஸ் வாலி இருவரும் அவற்றின் மதிப்பை உணர்ந்து தூசி தட்டினார்கள்.

1998 ஜூன் 1. சரியாக 66 வருஷம் கழித்து அதே நாள். அபர்தீன் நகரின் மியூசிக் ஹாலில் 77 வயதுத் தாத்தா பாட்டிகள் 73 பேர் உட்கார்ந்து அதே தேர்வை அதே நேர அளவில் எழுதினார்கள்.

25/
முடிவு? 11 வயதில் வாங்கியதைவிட 77-ல் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண்.

இன்னொன்றும் தெரிந்தது. 77-ல் ஒருவர் எப்படி இருப்பார் என்பதில் கணிசமான பங்கு 11 வயதில் எப்படி இருந்தார் என்பதிலேயே இருக்கிறது. ஆக, ஒரு முதியவரின் இப்போதைய நிலையை மட்டும் பார்த்து "சரிஞ்சுட்டார்"னு சொல்ல முடியாது. முன்னாடி எப்படி இருந்தார்னு தெரியணும். நாங்க ஓபியில் குடும்பத்தாரிடம் "முன்னாடி எப்படி இருப்பாங்க? எப்போதிலிருந்து மாற்றம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதுக்குத்தான்.

26/
கடைசியா ஒரு கன்னியாஸ்திரி மடம்.

1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வு. பின்னர் வேறு மாநிலங்களின் மடங்களும் சேர்ந்து, 678 கன்னியாஸ்திரிகள் வருஷாவருஷம் பரிசோதனைக்கும், இறந்தபின் மூளையைத் தருவதற்கும் சம்மதித்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே வாழ்க்கை முறை, புகை இல்லை. ஒப்பிட இதைவிட நல்ல குழு கிடைக்காது.

அதில் ஒருவர் 101 வயதில் இறந்தார். கடைசி வரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்தால் அல்ஸைமரின் திட்டும் முடிச்சும் ஏராளம்!

27/
ஆக, கோடு அவ்வளவு நேராகவும் இல்லை. நோயின் தடம் இருந்தும் நோய் வெளிப்படாதவர்கள் உண்டு. படிப்பு, மூளைக்கு வேலை கொடுக்கும் வாழ்க்கை, மனிதர்களோடு பழக்கம் ஆகியவை ஒரு சேமிப்பு மாதிரி தாங்கிப் பிடிக்கின்றன என்பது இன்றைய பரவலான கருத்து. அந்தச் சேமிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. பெரியவர்களின் மூளையில் புது நியூரான் பிறக்குமா என்பதிலும் அப்படியே. 1998-ல் பிறக்கும் என்று காட்டினார்கள், 2018-ல் ஒரே ஆண்டில் ஆமாம் என்று ஒரு குழு, இல்லை என்று ஒரு குழு.

நடைப்பயிற்சிக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. 2011-ல் 55 முதல் 80 வயதுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், ஒரு வருஷம் வேக நடை நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சற்று சுருங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனா செலவில்லாத மருந்து.

28/
இந்த நூறு வருஷக் கதையிலிருந்து நம்ம வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது:

வயதோடு வரக்கூடியவை:
✅ பேர் நாக்கு நுனியில் நின்று, பிறகு ஞாபகம் வருவது
✅ சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக் கண்டுபிடிப்பது
✅ புது போனைக் கற்றுக்கொள்ளக் கூடுதல் நேரம்
✅ சத்தமான இடத்தில் கவனம் சிதறுவது

வயசு என்று விடக்கூடாதவை:
❌ அரை மணி நேரத்தில் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது
❌ பழகிய தெருவில் வழி தவறுவது
❌ சாப்பிட்டதே நினைவில்லாமல் "யாரும் சோறு போடலை" என்பது
❌ நாற்பது வருஷமாகச் செய்த சமையலில், பணக் கணக்கில் திடீர்க் குழப்பம்
❌ காரணமில்லாத சந்தேகம், குணத்தில் மாற்றம்

29/
இரண்டாவது பட்டியல் இருந்தாலே அல்ஸைமர் என்று அர்த்தமில்லை. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம், காது சரியாகக் கேட்காதது என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. பரிசோதித்தால்தான் தெரியும்.

ஒரே நாளில், ரெண்டே நாளில் திடீர்க் குழப்பம் வந்தால் அது அவசரம். கிருமித்தொற்றா, சோடியம் குறைவா, பக்கவாதமா என்று உடனே பார்க்கணும். "வயசு" ஒரே ராத்திரியில் வராது.

30/
அகஸ்டே டெட்டரின் வயது 75 ஆக இருந்திருந்தால் அவருடைய மூளையை அல்ஸைமர் கேட்டு வாங்கியிருப்பாரா? தெரியாது. ஆனால் 75-ல் மறதி வந்த பல தலைமுறைத் தாத்தா பாட்டிகளை யாரும் நோயாளியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும். அதே சமயம் தெளிவான புத்தியோடு இருந்த எத்தனையோ பேரை "தினமும் லட்சம் செல் போயிடுச்சு" என்று ஓரங்கட்டினோம்.

அடுத்த முறை "வயசாயிடுச்சு, அப்படித்தான்"னு வாயில் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்தி, முன்னாடி எப்படி இருந்தாங்க, எப்போதிலிருந்து மாறினாங்கன்னு யோசிங்க. மாற்றம் இருந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. மாற்றம் இல்லை, கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்காங்கன்னா, அவங்க பேசி முடிக்கும்வரை காத்திருங்க.

உங்க வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பின்னூட்டத்தில் கேளுங்க. பதில் சொல்றேன்.